கேர்ட்டி கோரியும் வயிறு பெருத்த பிள்ளைகளும்

நூற்றாண்டு மலருக்கு ஒரு பெண்மணியின் வாழ்க்கையை எழுதித் தரும்படி சங்கச் செயலாளர் கேட்டபோது, எமது ஊர்ப் பெரியவர்களில் ஒருவரைத்தான் எதிர்பார்த்திருப்பார். எமது அதிபர்களையும் ஆசிரியைகளையும் பற்றி எழுத எம்மிலும் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கட்டுரைகள் இம்மலரின் வேறு பக்கங்களில் வரும். நாம் எடுத்துக்கொண்டவர் மட்டக்களப்பின் பெயரையே கேள்விப்படாமல் இருந்திருக்கலாம். ஆனால் வீங்கிய வயிறும் கொழுத்த கன்னமுமாக ஒரு பிள்ளை வோட்டுக்கு வந்து, அதன் வயிற்றில் நாம் கை வைக்கும்போது, அந்தக் கணத்திலிருந்து நாம் நடப்பது அவர் வெட்டிய பாதையில். அவர் பெயர் கேர்ட்டி கோரி.

கேர்ட்டி தெரேசா ராட்னிட்ஸ் 1896 ஓகஸ்ட் 15 ஆம் திகதி பிராக் நகரில் பிறந்தார். இன்று செக் நாட்டின் தலைநகரான பிராக் அன்று ஒஸ்ரிய–ஹங்கேரியப் பேரரசுக்குள் இருந்தது. யூதக் குடும்பம்; மூன்று பெண் பிள்ளைகளில் இவரே மூத்தவர். தந்தை ஒட்டோ ராட்னிட்ஸ் ஓர் இரசாயனவியலாளர். சீனி ஆலைகளை நிர்வகித்தவர். சீனியைச் சுத்திகரிக்க ஒரு முறையையும் கண்டுபிடித்தவர். சீனி ஆலைக்காரரின் மகள் உடலுக்குள் சீனி போகும் வழியைக் கண்டுபிடித்தார் என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அவரை மருத்துவத்தின் பக்கம் திருப்பியது ஆலை அல்ல. குடும்பத்தில் பிள்ளை வைத்தியப் பேராசிரியர் ஒருவர் இருந்தார். படி என்று தூண்டியவர் அவர்.

பத்து வயது வரை வீட்டில் ஆசிரியர் வைத்துப் படித்தார். பிறகு பெண்களுக்கான லைசியம் ஒன்றில் சேர்ந்து 1912 இல் படிப்பை முடித்தார். அக்காலத்து லைசியம் பெண்களை நல்ல இல்லத்தரசிகளாக, சபையில் பேசத் தெரிந்தவர்களாக ஆக்குவதற்கு ஏற்பட்ட பாடசாலை. பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது அதன் நோக்கமே அல்ல. பதினாறு வயதில் மருத்துவ பீடத்தின் வாசலில் போய் நின்றபோதுதான், தன்னிடம் லத்தீன் இல்லை, பௌதிகவியல் இல்லை, இரசாயனவியல் இல்லை, கணிதமும் போதாது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது. 8 வருட லத்தீன், 5 வருட விஞ்ஞானம், 5 வருட கணிதம் ஆகியவற்றை ஏறக்குறைய ஒரே வருடத்தில் படித்து முடித்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1914 இல் நுழைவுப் பரீட்சையில் சித்தியடைந்தார். அது தன் வாழ்நாளில் எழுதிய மிகக் கடினமான பரீட்சை என்று பிற்காலத்தில் சொல்லிக்கொள்வாராம்.

பழைய மாணவிகளுக்கு இந்த இடம் விளங்கும். விஞ்ஞானப் பிரிவு இல்லாத பாடசாலையிலிருந்து உயர்தரத்துக்காக வாவியைக் கடந்து வந்த படுவான்கரைப் பிள்ளைகள் எமது வகுப்பிலேயே இருந்தார்கள். பாதை ஓடாத நாளில் அவர்கள் வரமாட்டார்கள்; அடுத்த நாள் எமது கொப்பியைப் பார்த்து எழுதுவார்கள். மண்முனைப் பாலம் 2014 இல்தான் திறந்தது. குப்பி லாம்பில் படித்த தலைமுறை நாம். பிராக் பிள்ளையின் அந்த ஒரு வருடம் எப்படிப் போயிருக்கும் என்று எமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பிராக்கின் ஜேர்மன் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடன் படித்த மாணவர் கார்ல் கோரி. அவரும் 1896 இல் பிராக்கில் பிறந்தவர்தான். கேர்ட்டிக்கு மலையேறுவதும் பனிச்சறுக்கும் பிடிக்கும், கார்லுக்கும் அப்படியே. இடையில் முதலாம் உலகப் போர் வந்து கார்லைப் படைக்குக் கொண்டுபோனது. 1920 இல் இருவரும் பட்டம் பெற்றார்கள், அந்த வருடமே திருமணமும் செய்தார்கள். கார்ல் கத்தோலிக்கர், அவரை மணப்பதற்காகக் கேர்ட்டி கத்தோலிக்க மதத்துக்கு மாறினார். மதம் மாறினாலும் ஐரோப்பாவில் அப்போது வீசிய காற்று மாறவில்லை. யூத வம்சத்தில் பிறந்த மனைவியோடு அங்கே தொழில் முன்னேறாது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

கேர்ட்டியின் முதல் வேலை வியன்னாவில் கரோலினன் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில். தைரொயிட் சுரப்பி பிறவியிலேயே வேலை செய்யாத குழந்தைகளைப் பற்றி அங்கே ஆராய்ந்தார். அதாவது, இவர் ஆய்வுகூடத்துக்குப் போவதற்கு முன்பு பிள்ளை வைத்தியர். இதை நினைவில் வைத்துக்கொண்டு மிகுதியை வாசியுங்கள். முப்பது வருடம் கழித்து இவர் திரும்பி வந்து நிற்பதும் பிள்ளைகளிடம்தான்.

போருக்குப் பிந்திய வியன்னாவில் சாப்பாட்டுக்குப் பெரும் தட்டுப்பாடு. சரியான உணவில்லாமல் கேர்ட்டியின் கண்கள் வரண்டு நோய் கண்டன. விற்றமின் ஏ குறைபாட்டால் வருவது அது. பிராக்குக்குத் திரும்பிப் போய் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்ட பிறகுதான் தேறினார். எமது தாய் சேய் கிளினிக்குகளில் விற்றமின் ஏ ஏன் கொடுக்கிறார்கள் என்று கேட்கும் தாய்மாருக்கு, நோபல் பரிசு பெற்ற ஒருவருக்கே வந்த நோய் இது என்று சொல்லலாம்.

1922 இல் கார்ல் அமெரிக்காவின் பஃபலோ நகரிலுள்ள புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார். ஆறு மாதம் கழித்துக் கேர்ட்டியும் போய்ச் சேர்ந்தார். கணவருக்கு நல்ல பதவி, மனைவிக்கு உதவியாளர் பதவி. கணவரோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்வதை நிறுத்தாவிட்டால் வேலை போய்விடும் என்று கேர்ட்டி எச்சரிக்கப்பட்டார். வேறொரு பல்கலைக்கழகம் கார்லை அழைத்தது. மனைவியோடு சேர்ந்து வேலை செய்யக்கூடாது என்பது அவர்கள் வைத்த நிபந்தனை. அது போதாதென்று, கணவரின் முன்னேற்றத்துக்குத் தடையாக நிற்கிறீர்கள் என்று கேர்ட்டியைத் தனியே அழைத்தும் சொன்னார்கள். அவர் அழுதுவிட்டார் என்று வரலாறு கூறுகிறது. கார்ல் அந்தப் பதவியை ஏற்கவில்லை. இருவரும் சேர்ந்தே வேலையைத் தொடர்ந்தார்கள். 1928 இல் அமெரிக்கப் பிரசைகளும் ஆனார்கள்.

அவர்கள் தேடிய கேள்வி மிக எளிமையானது. நாம் சாப்பிடும் சோறு குளுக்கோசாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. உடனடியாகச் செலவாகாத குளுக்கோசு எங்கே போகிறது, பசிக்கும்போது எப்படித் திரும்பி வருகிறது? அறுவடை நெல்லை மூடை கட்டி அடுக்கி வைத்து வேண்டியபோது அவிழ்ப்பதுபோல, உடல் குளுக்கோசைக் கிளை கிளையாகக் கோத்துக் கிளைக்கோசன் என்ற பொருளாக ஈரலிலும் தசையிலும் வைத்திருக்கிறது. இதுவரை முன்னமே தெரிந்த விடயம். கோரி தம்பதியினர் 1929 இல் சொன்னது அடுத்த படி. கல்லடிக் கரையில் கரைவலை இழுப்பவரின் கைத்தசை தன் கிளைக்கோசனை எரிக்கிறது. ஒட்சிசன் போதாத வேகத்தில் எரிக்கும்போது இலற்றிக் அமிலம் மிஞ்சுகிறது. அந்த அமிலம் இரத்தத்தோடு ஈரலுக்குப் போகிறது. ஈரல் அதை மீண்டும் குளுக்கோசாக்கி, தசைக்குத் திருப்பி அனுப்புகிறது. மருத்துவ பீடத்து முதல் வருடப் பிள்ளைகள் கோரி வட்டம் என்று மனனம் செய்வது இதைத்தான்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நோய்களுக்கு வரும்போது இதுதான் திறவுகோல். தசை தன் கிளைக்கோசனைத் தனக்கு மட்டுமே செலவழிக்கும். ஈரலோ ஊருக்கெல்லாம் கொடுக்கும். அப்படிக் கொடுக்க ஈரலிடம் கடைசியாக ஒரு நொதியம் தேவை: குளுக்கோசில் ஒட்டியிருக்கும் பொசுபேற்றைக் கழற்றி விடுகிற நொதியம். தசையில் அது இல்லை.

1931 இல் சென்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு மாறினார்கள். கார்ல் அங்கே மருந்தியல் துறைத் தலைவர்; கேர்ட்டி ஆராய்ச்சி உதவியாளர், கணவரின் சம்பளத்தில் ஒரு சிறு பங்குக்கு. ஆராய்ச்சியில் இருவரும் சரிபாதி என்பது உலகுக்குத் தெரியும். சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியவில்லை. 1936 இல் தவளைத் தசையை அரைத்துக் கழுவிச் செய்த சோதனையில், கிளைக்கோசன் உடையும்போது முதலில் தோன்றும் பொருளைக் கண்டார்கள். அதற்குக் கோரி எஸ்டர் என்று பெயர் வந்தது. அந்த வருடம் ஓகஸ்டில்தான் மகன் பிறந்தான். பிரசவ நேரம் வரை கேர்ட்டி ஆய்வுகூடத்தில் நின்றார். பிறகு கிளைக்கோசனை உடைக்கும் நொதியத்தைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். குழாய்க்குள்ளேயே கிளைக்கோசனைக் கட்டியும் காட்டினார்கள். உயிருள்ள கலத்துக்கு வெளியே அப்படி ஒரு பெரிய மூலக்கூறைக் கட்டுவது அக்காலத்தில் நம்ப முடியாத செய்தி.

1943 இல் இணைப் பேராசிரியை. 1947 இல், 51 வயதில், முழுப் பேராசிரியை. அதே வருடம் நோபல் பரிசு. கோரி தம்பதியினரும் ஆஜென்டீனாவின் பேர்னார்டோ ஹுசேயும் அதைப் பகிர்ந்துகொண்டார்கள். மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற முதலாவது பெண் கேர்ட்டி. விஞ்ஞானத்துறைகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும் மேரி கியூரிக்கும் அவர் மகள் ஐரீனுக்கும் அடுத்து மூன்றாமவர்.

ஆனால் அந்த வருடமே இன்னொரு செய்தியும் வந்தது. கோடையில் கொலராடோ மலைகளில் ஏறிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தார். எலும்பு மச்சை நாராக இறுகி, இரத்தம் உற்பத்தியாவது குறைந்துகொண்டே போகும் நோய் என்று பிறகு தெரிந்தது. அதற்கு அன்று சிகிச்சை கிடையாது. ஸ்டொக்ஹோமுக்குப் பரிசு வாங்கப் போனபோதே நோய் அவரோடு இருந்தது. அதன் பின் பத்து வருடம் இரத்தம் ஏற்றி ஏற்றித்தான் வாழ்ந்தார். ஆய்வுகூடத்துக்குப் பக்கத்துச் சிறிய அறையில் ஒரு கட்டிலைப் போட்டுவைத்து, இயலாதபோது படுத்து, இயன்றபோது எழுந்து வேலை செய்தார்.

எம்மைப் பொறுத்தவரை அவருடைய பெரிய வேலை அந்தப் பத்து வருடத்தில் நடந்தது. நோபல் பரிசு கிடைத்தது அதற்கு அல்ல என்பது ஒரு வேடிக்கை.

1929 இல் ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரத்து நோயியல் வைத்தியர் எட்கார் ஃபொன் கீர்க்கே, இறந்துபோன இரு பிள்ளைகளின் உடலைத் திறந்து பார்த்தார். ஈரலும் சிறுநீரகமும் மிகப் பெரிதாக வீங்கி, உள்ளே கிளைக்கோசன் நிறைந்து கிடந்தது. 1932 இல் ஒல்லாந்து வைத்தியர் பொம்பே, ஏழு மாதப் பெண் குழந்தை ஒன்றின் உடலில் இதயம் மிகப் பெருத்து, அதற்குள்ளும் கிளைக்கோசன் நிறைந்திருப்பதைக் கண்டார். (இந்தப் பொம்பே நாஸிகளை எதிர்த்த இரகசிய இயக்கத்தில் இருந்ததால் 1945 இல் போர் முடியச் சில வாரங்களே இருக்கும்போது சுட்டுக் கொல்லப்பட்டார்.) கிளைக்கோசன் தேங்கும் நோய் என்று ஒரு பெயரை வைத்து எல்லாவற்றையும் அதற்குள் போட்டுவிட்டார்கள். ஏன் தேங்குகிறது என்பது எவருக்கும் தெரியாது.

கேர்ட்டி இந்தப் பிள்ளைகளின் ஈரல் துண்டுகளையும் தசைத் துண்டுகளையும் பல ஊர் வைத்தியர்களிடமிருந்து வரவழைத்தார். தாம் வாழ்நாளெல்லாம் தனித்தனியே பிரித்தறிந்த நொதியங்களை ஒவ்வொன்றாக அந்தத் துண்டுகளில் அளந்து பார்த்தார். 1952 இல் அவரும் கார்லும் வெளியிட்ட முடிவு இதுதான்: சில பிள்ளைகளின் ஈரலில், முன்னே சொன்ன அந்தக் கடைசி நொதியம் அறவே இல்லை, வேறு சிலரின் ஈரலில் அது இருக்கிறது. அப்படியானால் இது ஒரு நோய் அல்ல. ஒரு பரம்பரை நோய்க்குக் காரணம் இன்ன நொதியம் இல்லாமைதான் என்று இழையத்திலேயே அளந்து காட்டிய முதல் சில ஆய்வுகளுள் இதுவும் ஒன்று.

அடுத்தது ஃபோர்ப்ஸ் என்ற பிள்ளை வைத்தியரின் நோயாளி. அந்த ஈரலிலிருந்தும் தசையிலிருந்தும் எடுத்த கிளைக்கோசனின் அமைப்பே பிழையாக இருந்தது. வெளிக்கிளைகள் குட்டையாக வெட்டப்பட்ட மரம்போல நின்றது. கிளை பிரியும் இடத்தில் வெட்டுகிற நொதியம் இல்லாததே காரணம் என்று பார்பரா இல்லிங்வேர்த் என்ற இளம் ஆய்வாளரோடு சேர்ந்து 1956 இல் நிறுவினார்கள். இன்னொன்று டொரதி அண்டர்சன் என்ற பெண் வைத்தியர் விவரித்த நோய்: ஈரல் சுருங்கி இறுகிப்போன குழந்தை. அதில் கிளைகள் குறைந்து, கிளைக்கோசன் நீண்டு நீண்டு கிடந்தது. இப்படி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று இந்நோய்களுக்கு எண் இட்டவர் கேர்ட்டிதான். இன்று அந்த எண்கள் பத்தைத் தாண்டிவிட்டன.

மட்டக்களப்பில் இருக்கும் எமக்கு அந்த எண்களால் என்ன பயன்?

நொதியத்தை அளக்கும் ஆய்வுகூடம் எமக்குப் பக்கத்தில் இல்லை. பரம்பரையலகுப் பரிசோதனைக்கு இரத்தத்தைத் தூரத்துக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் எந்த நொதியம் இல்லையென்றால் உடலில் என்ன நடக்கும் என்பதைக் கேர்ட்டி விளங்கப்படுத்திவிட்டபடியால், பிள்ளையைப் பார்த்தே பின்னோக்கி எண்ண முடிகிறது.

பெரும்பாலும் கதை இப்படித் தொடங்கும். பிறந்து நாலைந்து மாதம் வரை ஒரு குறையும் இல்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பால் குடிக்கும் பிள்ளைக்குச் சேமிப்பு தேவைப்படுவதில்லை அல்லவா. இரவில் நீண்ட நேரம் தூங்கத் தொடங்கிய பிறகுதான், விடியற்காலையில் உடல் வியர்த்து, துவண்டு, சில நாளில் வலிப்பும் வருகிறது. பால் கொடுத்தால் தெளிந்துவிடும். அதனால் வீட்டில் அதைக் கனவென்றும் பயந்ததென்றும் நூல் கட்டி விடுவார்கள். வயிறு பெருக்கும், பூச்சி மருந்து கொடுப்பார்கள். கன்னம் உருண்டு பொம்மை முகமாக இருப்பதால், பிள்ளை கொழுகொழு என்று இருக்கிறது, என்ன குறை என்பார்கள். அந்தக் கன்னமே ஓர் அடையாளம். கையும் காலும் மெலிவு. மருத்துவமாது எழுதும் வளர்ச்சிப் பதிவேட்டைப் புரட்டினால் நிறை ஓரளவு நிற்கும், உயரக் கோடு மட்டும் படுத்துக் கிடக்கும்.

நாம் வைத்திய மாணவர்களுக்குச் சொல்வது: வயிற்றில் கையை விலா எலும்புக்குக் கீழே வைத்துத் தொடங்காதீர்கள். வலது இடுப்புப் பக்கம் கீழே தொடங்கி மேலே வாருங்கள். ஈரல் அவ்வளவு பெரிதாக இருக்கும். மேலே கையை வைத்தால் ஈரலின் மேலேயே கை நிற்கும், விளிம்பு கிடைக்காது, ஈரல் வீக்கமில்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவீர்கள். பிறகு இடது பக்கம் மண்ணீரலைத் தேடுங்கள். வயிறு பெருத்த பிள்ளை என்றதும் தலசீமியா நினைவுக்கு வரும். அதில் மண்ணீரலும் பெருக்கும், பிள்ளை வெளிறியும் இருக்கும். முதலாம் வகையில் ஈரல் மட்டும்தான், மிருதுவாக, வழவழப்பாக. நான்காம் வகையில் ஈரல் இறுகிப் போவதால் மண்ணீரலும் பின்னர் பெருக்கலாம்.

அடுத்தது தாயிடம் கேட்கும் கேள்வி: எத்தனை மணித்தியாலம் சாப்பிடாமல் இருந்தால் துவளுகிறது? மூன்று நான்கு மணித்தியாலம் என்றால் முதலாம் வகையின் பக்கம் எமது மனம் சாயும். கடைசி வாசலே பூட்டிக் கிடப்பதால் ஈரலால் எந்த வழியிலும் குளுக்கோசை வெளியே விட முடியாது. வாசலில் முட்டி நின்ற சரக்கு வேறு பக்கங்களால் வழிகிறது: இலற்றிக் அமிலம் கூடிப் பிள்ளை வேகமாக மூச்செடுக்கும், யூரிக் அமிலம் கூடும், கொழுப்பு கூடி இரத்தத் தெளியம் பால் நிறத்தில் இருக்கும், மூக்கால் அடிக்கடி இரத்தம் வரும். மூன்றாம் வகையில் வாசல் திறந்துதான் இருக்கிறது, சங்கிலியின் கிளைகளை மட்டும் வெட்ட முடியவில்லை. அதனால் பிள்ளை இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கும். பட்டினியில் இலற்றிக் அமிலம் கூடாது, சிறுநீரில் கீற்றோன் நிறைய வரும். விரலில் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தமும், சிறுநீரில் தோய்த்த ஒரு கடதாசிக் கீலமும் இந்த இரண்டையும் பிரிக்கப் பெரிதும் உதவும். இரண்டும் சிறிய ஆஸ்பத்திரியிலும் உண்டு. ஆனால் குளுக்கோசு ஏற்றிய பிறகு எடுத்தால் பயனில்லை. துவண்டு கிடக்கும் அந்த நிமிடத்திலேயே எடுக்க வேண்டும். எடுத்த கையோடு குளுக்கோசு ஏற்ற வேண்டும்.

மூன்றாம் வகையில் வயது போகப் போகத் தசை பலம் குறையலாம். இதயத்தையும் பார்த்து வைக்க வேண்டும். இரத்தச் சீனி சாதாரணமாக இருக்க, குழந்தை துணிபோல் தொய்ந்து, இதயம் மாத்திரம் பெருத்திருந்தால் அது பொம்பே கண்ட இரண்டாம் வகை. அதற்கு நொதியத்தையே ஊசியாக ஏற்றும் சிகிச்சை 2006 இலிருந்து உண்டு, விலைதான் எட்டாது. ஓடினால் கால் தசை இறுகி வலித்து, சற்று நின்றால் மீண்டும் ஓட முடிகிற பள்ளிப் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டாமல் ஒரு வைத்தியரிடம் அனுப்புங்கள். லண்டனில் மக்காடில் என்பவர் 1951 இல் விவரித்த தசை நோயாக அது இருக்கலாம்.

இன்னொன்றையும் ஆசிரியைகளாக இருக்கும் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டும். இப்படிச் சந்தேகிக்கப்படும் பிள்ளையைப் பட்டினி போடக் கூடாது. நாளைக் காலை வெறும் வயிற்றோடு இரத்தம் எடுக்க வாருங்கள் என்று சொல்லி அனுப்பினால், வெல்லாவெளியிலிருந்து முதல் பஸ்ஸில் வரும் பிள்ளை வழியிலேயே வலிப்பில் விழும். வாந்தி, வயிற்றோட்டம் என்றால் உடனே ஆஸ்பத்திரி. வளர்ந்த பிள்ளை கந்தசஷ்டிக்கோ நோன்புக்கோ பசியிருக்க ஆசைப்பட்டால், வீட்டார் அன்பாகத் தடுக்க வேண்டும்.

இனி எமது ஊருக்கே உரிய ஒரு விடயம். இந்நோய்களில் பெரும்பாலானவை தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பழுதான பிரதிகள் சேரும்போதுதான் வருகின்றன. தாயும் தகப்பனும் ஒவ்வொன்றைச் சுமந்தாலும் அவர்களுக்கு நோயில்லை. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. இரத்த உறவில் மணம் முடித்தால் ஒரே பழுது இரு பக்கத்திலும் இருக்கும் வாய்ப்புக் கூடுகிறது. இதைச் சொன்னால், நாங்கள் ஒரு குடிக்குள் கட்டுவதில்லையே என்று எமது பெரியவர்கள் திருப்பிக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மட்டக்களப்பில் குடி தாய்வழி வருவது. மாமன் மகள் மாமியின் குடி. ஆகவே மச்சானும் மச்சாளும் வேறு வேறு குடி, கட்டலாம். ஆனால் அவர்களின் பாட்டனும் பாட்டியும் ஒன்றுதானே. குடி தாய்வழி மட்டும் இறங்குகிறது, பரம்பரையலகு இரு வழியாலும் இறங்குகிறது. குடி முறை எவ்வளவோ நல்ல காரியங்களுக்கு உதவியிருக்கலாம். இதற்கு அது வேலி ஆகாது.

உறவில் கட்டாதவர்களுக்கும் இப்பிள்ளைகள் பிறப்பதுண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். கலியாணத்தைக் குற்றம் சொல்வது எமது நோக்கமல்ல. எமது கிளினிக்குகளில் நாம் காண்பது வேறு குற்றச்சாட்டு: மூத்ததும் இப்படித்தான் போனது, இதுவும் இப்படி, இவளின் வயிற்றில்தான் குறை என்று மாமியார் வீட்டில் சொல்வது. நாள் முழுதும் பிள்ளையைத் தோளில் போட்டுத் திரியும் அந்தத் தாயிடமும், பக்கத்தில் நிற்கும் தகப்பனிடமும், உங்கள் இருவரிடமிருந்தும் சரிசமமாக வந்தது, எவரும் செய்த பிழையால் அல்ல என்று படம் வரைந்து காட்டுகிறோம். அந்தப் படத்தை வரைய முடிவது 1952 இல் சென்ட் லூயிஸில் அளந்த அந்த ஈரல் துண்டுகளால்தான்.

கேர்ட்டி 1957 ஒக்டோபர் 26 ஆம் திகதி தன் வீட்டில் காலமானார். வயது 61. அவரும் கார்லும் நடத்திய ஆய்வுகூடத்தில் வேலை பழகியவர்களில் ஆறு பேர் பின்னாளில் நோபல் பரிசு பெற்றார்கள். வேறிடங்கள் பெண்களையும் யூதர்களையும் சேர்க்கத் தயங்கிய காலத்தில் அந்த ஆய்வுகூடம் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. 2008 இல் அமெரிக்கத் தபால் திணைக்களம் அவர் படத்தோடு ஒரு முத்திரை வெளியிட்டது. அதில் கோரி எஸ்டரின் இரசாயன அமைப்பைப் பிழையாக அச்சிட்டுவிட்டார்கள். ஆய்வுகூடத்தில் சிறு பிழையையும் பொறுக்காதவர் என்று பெயர் எடுத்தவருக்கு அப்படி ஒரு முத்திரை.

அவர் காலத்தில் முதலாம் வகைப் பிள்ளைகளுக்குச் செய்யக்கூடியது மிகக் குறைவு. 1970 களில் இரவு முழுவதும் மூக்குக் குழாயால் குளுக்கோசு கொடுக்கும் முறை வந்தது. 1984 இல், கார்ல் காலமான அதே வருடத்தில், அதைவிட எளிய ஒரு வழி வெளியானது: சமைக்காத சோளமா. கடையில் கோன் பிளவர் என்று விற்பதுதான். மாப்பொருள் என்பது குளுக்கோசுகளை வரிசையாகக் கோத்த சங்கிலி; சமைக்காமல் கொடுத்தால் குடலில் மெதுவாக, நான்கு ஐந்து மணித்தியாலம் வரை அவிழ்ந்து அவிழ்ந்து வரும். ஈரல் செய்ய வேண்டிய வேலையைக் குடல் செய்கிறது. எந்த வயதில் தொடங்குவது, எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒருமுறை என்பதைப் பிள்ளையின் நிறையைப் பார்த்து வைத்தியர் சொல்வார். தாய்மார் கைத்தொலைபேசியில் அலாரம் வைத்து நடுச்சாமம் ஒரு முறை, விடியற்காலை ஒரு முறை எழும்புகிறார்கள். அவர்களுக்கு நாம் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: சுடுநீரில் கரைக்கக் கூடாது. சூடு பட்டால் மா வெந்து, சாதாரணக் கஞ்சிபோலச் சீக்கிரம் செரித்துவிடும். கொதிக்க வைத்து நன்றாக ஆறவிட்ட நீரில் கலக்கிக் கொடுக்க வேண்டும்.